சந்தியில் நிற்கும் மீன்பாடி வண்டி

“ஜியோலைட் ஒரு சல்லடைதானே, சலித்தால் முடிந்தது. அதைக் கம்ப்யூட்டரில் வைத்து என்னத்தைக் கணக்குப் போடுகிறார்கள்?” திருவொற்றியூர் வாசகர் ஒருவரின் கேள்வி.

ஜியோலைட் என்பது மூலக்கூறு அளவுக்கு நுண்ணிய துளைகள் நிறைந்த படிகம். அதன் சல்லடை வேலை அவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை, சலவைத்தூளுக்கான லீனியர் ஆல்கைல் பென்சீனைத் தயாரிக்கிறது. மூலப்பொருள் நம் கிருஷ்ணாயில்தான். ஆனால் அதில் கார்பன்கள் கிளையில்லாமல் வரிசையாகக் கோத்த நேர்ச்சங்கிலி மூலக்கூறுகள் மட்டும் போதும். கிளை விட்டவற்றில் செய்த தூளை நுண்ணுயிர்கள் லேசில் தின்னாது. 1950களில் மேலைநாட்டு ஆறுகளில் நுரை மிதந்தது அதனால்தான். காய்ச்சி வடிக்கலாமென்றால் கொதிநிலைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அதனால் 5ஏ வகை ஜியோலைட். துளை சுமார் 5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), நேர்ச்சங்கிலியின் குறுக்களவு சுமார் 4.3. அது நுழைந்துவிடும், கிளை உள்ளது வாசலோடு சரி.

இரண்டுமே நுழையும் அளவுக்குத் துளை பெரிதாக இருந்தால்? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

சிலிகாலைட் என்ற ஜியோலைட்டின் உள்ளே நேர்ச்சந்துகளும் வளைந்து நெளியும் சந்துகளும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கார்பன் நேர்ச்சங்கிலியான ஹெக்சேன் ஒரு சைக்கிள், எந்தச் சந்திலும் சுவரோரமாக நிற்கும். அதே ஆறு கார்பனில் ஒரு கிளை விட்ட 2-மெத்தில்பென்டேன் மீன்பாடி வண்டி. சந்துக்குள் ஓடும், ஆனால் சௌகரியமாக நிற்க முச்சந்தி, நாற்சந்திதான் வேண்டும். ஓர் அலகுக்கூட்டில், அதாவது படிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஒரு கட்டத்தில், அப்படிப்பட்ட சந்திப்புகள் 4.

இரண்டையும் கலந்து ஆவியாக உள்ளே விடுகிறோம். கூட்டம் குறைவாக இருக்கும்வரை தகராறில்லை, இரண்டும் ஏறுகின்றன. அழுத்தம் கூடி, அலகுக்கூட்டுக்கு 4 மூலக்கூறு என்ற அளவைத் தாண்டினால் கதை மாறுகிறது. ஒரு மீன்பாடி வண்டி சற்று நகர்ந்தால் போதும், அந்த இடத்தில் சைக்கிள் வந்து நின்றுவிடும். வண்டி திரும்பி வந்தால் நிற்க வேறு இடமில்லை. இப்படியே போய், அழுத்தம் ஏற ஏற உள்ளே இருந்த கிளை மூலக்கூறு *குறைகிறது*! ஹெக்சேனோ அலகுக்கூட்டுக்கு 8 வரை நெருங்கி அடுக்கிக்கொள்ளும். வாசலில் யாரையும் தடுக்காமல், உள்ளே நெரிசலை வைத்தே பிரித்தாயிற்று.

சரி, கம்ப்யூட்டர் எதற்கு? ஆய்வகத் தராசு மொத்தம் எவ்வளவு ஏறியது என்பதைத்தான் காட்டும். அதில் யார் எத்தனை, யார் எந்தச் சந்தில் என்று சொல்லாது. ஒவ்வொன்றையும் தனியாக அளந்து கூட்டினாலும் இந்தத் தள்ளுமுள்ளு தெரியாது. அதனால் தாயம் உருட்டுவதுபோல், மூலக்கூறுகளைக் கண்டபடி போட்டுப் பார்க்கிறார்கள். மான்டி கார்லோ முறை என்று பெயர். (கருவி வாங்கினால் ரிப்பன் வெட்டலாம்; இதற்கு வெட்ட ஒன்றுமில்லை. நம் ஊரில் இந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் காசு கேட்பது அதனால்தான் சிரமம் என்பது என் எண்ணம்.)

முழுச் சங்கிலியை ஒரேயடியாகப் போட்டால் பெரும்பாலும் சுவரில் முட்டும். 1992இல் சீப்மான், ஃப்ரெங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு கார்பனாக வளர்த்துக்கொண்டு போ, அடுத்ததை வைக்கச் சில இடங்களைப் பார், இடைஞ்சல் குறைந்த இடத்துக்குக் கூடுதல் வாய்ப்புக் கொடு. இது அழுகுணி ஆட்டம்தான். ஆனால் எவ்வளவு சலுகை கொடுத்தோம் என்று ஒவ்வொரு அடியிலும் எழுதிவைத்து, அந்த நகர்வை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது அதைக் கழித்துவிடுகிறார்கள்.