பிள்ளையை மட்டும் கூட்டி வராதீர்கள்

"மேடம், இவனைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க, நாங்க வெளியே உட்கார்ந்திருக்கோம்." குழந்தைகள் மனநல ஆலோசகராக நான் அதிகம் கேட்கும் வார்த்தை இதுதான். அடுத்த முறை வீட்டில் இருக்கும் எல்லோரும் வாருங்கள் என்பேன். "பாட்டியுமா?" என்பார்கள். ஆமாம், பாட்டியும்தான்.

ஒரு பையன், வயது 9. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்று வலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். வலி நடிப்பு இல்லை. பயம் வயிற்றைப் பிசையும், பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

காலையில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். அம்மா அதட்டிக்கொண்டே டிபன் கட்டுகிறார். பாட்டி ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்க வைக்கிறார். ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடும் அப்பா, போனில் கிரிக்கெட் பேட் வாங்கித் தருவதாக ஆசை காட்டுகிறார். பையன் பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "நான் ஸ்கூலுக்குப் போனா, பாட்டி மறுபடி விழுந்துட்டா யாரு பார்ப்பா?"

சில மாதங்களுக்கு முன் பாட்டிக்குச் சர்க்கரை குறைந்து மயக்கம் வந்திருக்கிறது, அவன் பள்ளியில் இருந்தபோது. "ஒண்ணுமில்ல, நீ படி" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். அவனோ வீட்டில் காவல் இருக்க முடிவு செய்துவிட்டான். தனியாக ஒரு மணி நேரம் பேசியபோது என்னிடம் இதை அவன் சொல்லவே இல்லை.

அப்புறம் வேலை எல்லோருக்கும் வந்தது. பாட்டி தன் மாத்திரை, சாப்பாட்டு நேரம், கையோடு வைத்திருக்கும் குளுக்கோஸ் பாக்கெட் எல்லாவற்றையும் அவனிடமே காட்டினார். பதினொரு மணிக்கு எட்டிப் பார்க்கப் பக்கத்து வீட்டு அக்கா ஒப்புக்கொண்டார். பள்ளியில் பேசி, முதல் வாரம் இரண்டு பீரியடு மட்டும். பிறகு மதியம் வரை. வலித்தாலும் கிளம்புவது என்று வீடே ஒரே பேச்சாக நின்றது. திங்கட்கிழமைகளில் சறுக்கினான்தான். முழு நாளும் உட்கார இரண்டு மாதம் ஆனது.

இப்படி வீட்டாரையும் சேர்த்துக்கொள்வது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்துச் சிகிச்சை தந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. வீட்டில் இருப்பவரே குழந்தையை அடித்துத் துன்புறுத்துகிறார், தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்க மாட்டேன். அங்கே குழந்தையின் பாதுகாப்புதான் முதலில். யாராக இருந்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

மற்றபடி, முதல் நாளே அப்பாவும் லீவு போட்டு வாருங்கள்.