பின்னாடி எல்லாம் வளையமா விழுதே, லென்ஸ் ரிப்பேரா?

வாசகர் ஒருத்தர் போட்டோ அனுப்பி கேட்டிருந்தார். பழைய சோவியத் 500 மி.மீ. மிரர் லென்ஸ், எம்டிஓ-500, செகண்ட் ஹேண்ட்ல வாங்கி அடாப்டர் போட்டு கேமராவுல மாட்டியிருக்கார், மீன்கொத்தி என்னமோ பளிச்சுனுதான் வந்திருக்கு, ஆனா பின்னாடி தண்ணியில மின்னுற ஒவ்வொரு பொட்டும் நடுவுல ஓட்டையோட உளுந்து வடை மாதிரி விழுந்திருக்கு, போதாக்குறைக்கு தள்ளி நிக்கிற குச்சி ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா தெரியுது. உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கா, வித்தவன் தலையில கட்டிட்டானான்னு கேக்குறார். இல்லைங்க, லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. அது அப்படித்தான் விழணும்.

உள்ள என்ன நடக்குதுன்னு வேகமா சொல்லிடுறேன். சாதாரண டெலி லென்ஸ்ல வரிசையா கண்ணாடி லென்ஸ் இருக்கும். இதுல முன்னாடி வளைஞ்ச ஒரு கனமான கண்ணாடி, குழாயோட அடியில நடுவுல ஓட்டை போட்ட ஒரு குழிஆடி, அதுல பட்டு திரும்பி வர்ற வெளிச்சத்தை பிடிச்சு மறுபடி பின்னாடி அனுப்ப முன்பக்கம் நடுவுல ஒரு சின்ன ஆடி. ஒளி அந்த ஓட்டை வழியா சென்சாருக்குப் போயிடும். ஒரே குழாய்க்குள்ள மூணு தடவை நடக்குறதால லென்ஸ் குட்டையா இருக்கு. ஆடி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி திருப்புறதால ஓரத்துல ஊதா கலர் கசியுற தொல்லையும் கிட்டத்தட்ட இல்ல.

முன்னாடி இருக்க அந்த வளைஞ்ச கண்ணாடிக்கு ஒரு கதை இருக்கு. 1941 ஆகஸ்ட், ஜெர்மன் படை லெனின்கிராடை நெருங்குது, அங்க இருந்த ஒளியியல் ஆய்வு நிறுவனத்தை கிழக்கே தள்ளியிருக்க யோஷ்கர்-ஓலாங்கிற ஊருக்கு மாத்துறாங்க, அந்த ரயில்ல போற ஒளியியல் விஞ்ஞானி திமித்ரி மக்சூதோவ் மனசுல ஓடினது பள்ளிக்கூட பசங்களுக்கு மலிவா ஒரு டெலஸ்கோப் எப்படி பண்றதுங்கிறது. ஆடியில தூசி படாம இருக்க முன்னாடி ஒரு தட்டைக் கண்ணாடி வைக்கலாம், ஆனா துல்லியமான தட்டைக் கண்ணாடி விலை ஜாஸ்தி, சரி தட்டையா ஏன் இருக்கணும், வளைச்சு வச்சா என்னன்னு யோசிச்சார். கோள வடிவ ஆடி செய்யறது சுலபம், ஆனா அதோட ஓரத்துல படுற ஒளி கொஞ்சம் முந்தியே குவிஞ்சிடும்; வளைஞ்ச கண்ணாடி அதே ஓரத்து ஒளியை அதே அளவுக்கு விரிச்சு விட்டுடும், ரெண்டு தப்பும் சேர்ந்து சரியாயிடுது. எல்லா பரப்பும் கோளம்தான், தேய்க்கிறது ஈஸி. அதுல இருந்து வந்த எம்டிஓ லென்ஸ் 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில பரிசே வாங்கிச்சு. போர் நடக்குறப்ப ஸ்கூல் டெலஸ்கோப் பத்தி யோசிச்ச மனுஷன், இன்னைக்கு ஆராய்ச்சிக்கு காசு கேட்டுப் போயிருந்தா உடனடி பயன் என்னன்னு கேட்டு ஃபைலை மூடியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு எரிச்சல் உண்டு.

இப்ப வளையத்துக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். தூரத்துல ஒரு ஒளிப்பொட்டு இருக்குன்னு வச்சுக்கங்க. அதுல இருந்து வர்ற ஒளி லென்ஸோட வாய் முழுக்க விழுந்து ஒரு கூம்பா குவியுது. கூம்போட நுனி சரியா சென்சார்ல பட்டா புள்ளி, அதான் ஃபோகஸ். நுனி முன்னாடியோ பின்னாடியோ போயிட்டா சென்சார் அந்தக் கூம்பை குறுக்கா வெட்டுது, வெட்டின இடத்துல தெரியுறது லென்ஸ் வாயோட வடிவமேதான். சாதா லென்ஸ்ல வாய் வட்டம், அதனால வட்டம். இங்க நடுவுல சின்ன ஆடி மறைக்குது, கூம்பு உள்ள வெறும் கூடு, அதனால வளையம். அப்ப பறவை மேல ஏன் ஓட்டை விழலன்னு கேட்டா, நுனிக்கு வர்றப்ப கூம்போட சேர்ந்து ஓட்டையும் சுருங்கி காணாமப் போயிடுது.

குச்சி ரெண்டாகறது இன்னும் சுவாரசியம். கோடுங்கிறது வரிசையா நிக்கிற புள்ளிங்கதானே, ஃபோகஸ் இல்லாதப்ப ஒவ்வொரு புள்ளியும் ஒரு வளையமாகி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. கோட்டுக்கு நேர் நடுவுல எவ்வளவு ஒளி சேரும்னு பாருங்க. வளையத்தோட வெளி ஆரம் 1, ஓட்டையோட ஆரம் 0.4னு வச்சா, நடுவுல வெட்டுற நீளம் 2ல இருந்து ஓட்டை 0.8 போக 1.2. கொஞ்சம் தள்ளி ஓட்டையோட விளிம்புல வெட்டினா 1.83, ஒன்றரை மடங்கு! ஆக நடு மங்கி, ரெண்டு பக்கமும் ரெண்டு கோடு எழும்புது. சாதா லென்ஸ்ல நடுவுலதான் உச்சம், அங்க இருந்து ஓரத்துக்கு குறைஞ்சுட்டே போகும், அதனால அந்த மங்கல் வெண்ணெய் மாதிரி வழுக்குது. பளிச்சுனு இருக்க பின்னணியில கருப்பு குச்சின்னாலும் கணக்கு இதேதான், ரெண்டு கருப்புக் கோடு.

அந்த ஓட்டைக்கு வேற விலையும் உண்டு. 0.4ன்னா பரப்புல 16 சதவீதம் போச்சு, அலுமினியம் பூசின ஆடி ஒவ்வொண்ணும் சுமார் 88 சதவீதம்தான் திருப்பும், எல்லாம் கழிச்சா 65 சதவீதம் மிஞ்சும், லென்ஸ்ல எஃப்/8னு எழுதியிருந்தாலும் எஃப்/10 அளவுக்குத்தான் வெளிச்சம் வரும் (எஃப் நம்பர் கூடக்கூட வெளிச்சம் கம்மி). அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையுற வாயை, சுருக்கவும் வழியில்ல, ஓரத்துல இருந்து மூடிட்டே வந்தா மிஞ்சுறது நடுவுல இருக்க ஆடிதான். அதனால ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் (சென்சாரோட உணர்திறன்) தான் கதி, கையில பிடிச்சா ஷட்டர் 1/500 செகண்டை விட மெதுவா போகாதீங்க.

நடுவுல ஒண்ணு. வாட்ஸப்ல வானத்துல சக்கரம் மாதிரி ஏதோ பறக்குது, வேற்றுக்கிரகக் கப்பல்னு வீடியோ சுத்தும், பாதி நேரம் அது ஃபோகஸ் விட்டுப்போன வெள்ளி கிரகம்தான். லென்ஸ் வாயோட வடிவத்தைப் பாத்துட்டு ஊரைக் கூட்டுறாங்க. மிரர் லென்ஸ்ல எடுத்திருந்தா கப்பலுக்கு நடுவுல ஓட்டையும் இருந்திருக்கும், அதுக்கு ஒரு தனி கதை கட்டியிருப்பாங்க.

வாசகருக்கு: 10 மீட்டர்ல ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவுல உங்களுக்கு தெளிவா கிடைக்கிற ஆழம் சுமார் 20 செ.மீ.தான், கண்ணுல ஃபோகஸ் வச்சா போதும், வால் போனா போகட்டும். ஃபோகஸ் ரிங் இன்ஃபினிட்டிக்கு (ரொம்ப தூரத்துக்கான குறி) அப்புறமும் திரும்பும், அதுவும் பழுதில்ல, வெயில்ல குழாய் விரியறதுக்கு விட்ட இடம், அதனால கடைசி வரைக்கும் திருப்பிட்டு நிலா எடுக்காதீங்க, லைவ் வியூல, அதாவது கேமரா ஸ்கிரீன்ல, பெருசாக்கிப் பாத்து வைங்க. குச்சியும் மின்னுற தண்ணியும் இல்லாத பக்கமா ரெண்டடி நகர்ந்து நின்னு, வெறும் வானமோ நிழல் விழுந்த புதரோ பின்னாடி வர்ற மாதிரி எடுங்க. சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே திருப்பாதீங்க, சென்சார் கருகிடும், கண்ணாடி வியூஃபைண்டர்னா கண்ணே போயிடும்.