அழற்சியுற்ற திசுவில் தெரியும் பழுப்பு நிறம்

அழற்சியோடு தொடர்புடைய இன்டர்லூகின்-1 பீட்டா என்னும் புரதத்தைத் திசுவில் நிறமேற்றிக் கண்டறிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் மூலக்கூறு) வாங்கும் ஆராய்ச்சி மாணவர்கள், விலையையும் அது எந்த விலங்கின் திசுவில் வேலை செய்யும் என்பதையும் விசாரிக்கிறார்கள். புரதத்தின் எந்த வடிவத்தைப் பிடிக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தப் புரதம் முதலில் 31 கிலோடால்டன் எடையுள்ள செயலற்ற முன்வடிவமாகவே உருவாகிறது. பெரும்பாலும் காஸ்பேஸ்-1 என்னும் நொதி அதை வெட்டிய பிறகுதான், அழற்சியைத் தூண்டும் 17 கிலோடால்டன் வடிவம் வெளிப்படுகிறது. இரண்டையும் பிடிக்கும் ஆன்டிபாடியால் நிறமேற்றிய ஸ்லைடை மட்டும் வைத்துக்கொண்டு, இன்ஃப்ளமசோம் (காஸ்பேஸ்-1-ஐ இயக்கும் புரதக் கூட்டமைப்பு) இயங்குகிறது என்று எழுதக் கூடாது. அதே திசுவில், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் செய்து, 17 கிலோடால்டன் பட்டை தெரிகிறதா என்றாவது பார்க்க வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, அழற்சியே பொய்யான நிறத்தைத் தரக்கூடும் என்பது. ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைக் காட்ட, அதோடு இணைத்த பெராக்ஸிடேஸ் நொதி டிஏபி என்னும் வேதிப்பொருளைப் பழுப்பாக்குகிறது. அழற்சியுற்ற இடத்தில் குவியும் நியூட்ரோஃபில், இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களிலும் பெராக்ஸிடேஸ் நொதி இயல்பாகவே இருப்பதால், ஹைட்ரஜன் பெராக்ஸைடு கொண்டு அதை முன்கூட்டியே சரியாக முடக்காவிட்டால், ஆன்டிபாடி ஒட்டாத இடத்திலும் டிஏபி பழுப்பாக மாறும். சுண்டெலித் திசுவில் சுண்டெலி ஆன்டிபாடியைப் பயன்படுத்தினால் சிக்கல் இன்னும் பெரிது: முதல்நிலை ஆன்டிபாடியைப் பிடிக்க இடும் இரண்டாம் நிலை ஆன்டிபாடி, திசுவிலுள்ள இம்யூனோகுளோபுலினையும் (சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடி) அதை உருவாக்கும் பிளாஸ்மா செல்களையும் பிடித்துக்கொள்ளும். பெருங்குடல் அழற்சி உண்டாக்கிய சுண்டெலியின் செக்‌ஷனில், முதல்நிலை ஆன்டிபாடியே இடாத ஸ்லைடிலும் லேமினா புரோப்ரியா (குடலின் உட்பரப்பு செல்களுக்கு அடியிலுள்ள இணைப்புத்திசு) முழுவதும் பழுப்பாகத் தெரிவது இதனால்தான். ஆரோக்கியமான குடலை கண்ட்ரோலாக வைத்தவருக்கு இது தெரியவே வராது.

ஆகவே முதல்நிலை ஆன்டிபாடி இடாத ஸ்லைடு, அதே செறிவில் ஐசோடைப் (அதே வகையைச் சேர்ந்த, ஆனால் இந்தப் புரதத்தைப் பிடிக்காத ஆன்டிபாடி) இட்ட ஸ்லைடு ஆகிய இரண்டும் அழற்சியுற்ற அதே திசு பிளாக்கிலிருந்து வர வேண்டும். இன்டர்லூகின்-1 பீட்டாவின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் திசு கிடைத்தால் அதுவே மிக வலுவான சான்று. ஆனால் அந்தச் சுண்டெலிக்கும் அழற்சியை உண்டாக்கியிருக்க வேண்டும், ஏனெனில் ஆரோக்கியமான திசுவில் இந்தப் புரதம் எப்படியும் மிகக் குறைவு. ஆன்டிபாடி பிடிக்கும் சிறு புரதத் துண்டான பெப்டைடைக் கொண்டு ஆன்டிபாடியைத் தடுத்துக் காட்டும் சோதனையை நான் பெரிதாக நம்புவதில்லை. ஆன்டிபாடி அதே பிணைப்பிடத்தின் வழியாக வேறு புரதத்தில் ஒட்டியிருந்தாலும் நிறம் மறைந்துவிடும்.

பாலிகுளோனல் ஆன்டிபாடிகள் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) லாட்டுக்கு லாட், அதாவது தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி, மாறுபடும் என்பதால், பழைய குப்பி தீருமுன்பே புதியதையும் ஒரே பிளாக்கில் அருகருகே ஓட்டிப் பார்த்து, இரண்டு லாட் எண்களையும் நோட்டில் குறித்துவிடுங்கள்.