சிந்தசைசர் வொர்க்ஸ்டேஷன்: ஒலித்தொகுப்பியும் இசைப்பட்டறையும்

கடைக்குப் போய் "சிந்தசைசர் வொர்க்ஸ்டேஷன் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு நொடி முழித்துவிட்டு, "கீபோர்டுதானே சார், உள்ள வாங்க" என்பார். நம்மூர் மெல்லிசைக் குழுக்களில் கட்டை வைத்த எதுவும் கீபோர்டுதான். (கட்டை என்றால் ஆர்மோனியக் கட்டை. "அஞ்சு கட்டை சுருதி" என்று நாம் சொல்வதும் அதிலிருந்து வந்ததுதான்.) தமிழில் சொல்கிறேன் பேர்வழி என்று விசைப்பலகை என்றால் கணினியில் தட்டச்சு செய்வதை நினைத்துக்கொள்வார்கள். ஆக, பெயர்ச் சிக்கல் கடை வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

முதலில் சிந்தசைசர். கிரேக்கத்தில் 'சின்' என்றால் ஒன்றாக, 'திதேனை' என்றால் வைத்தல்; சிந்தெசிஸ் என்பது ஒன்றாகச் சேர்த்து வைப்பது. இந்தச் சொல் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். இலை வெயிலில் உணவு தயாரிப்பதை இங்கே ஒளிச்சேர்க்கை என்று படித்தோம், இலங்கைப் பாடப்புத்தகத்தில் அதுவே ஒளித்தொகுப்பு. ஆனால் நைலானுக்கு வந்ததும் 'செயற்கை இழை' என்று எழுதிவிட்டார்கள், அங்கேதான் வண்டி தடம் மாறியது. அதே பழக்கத்தில் சிந்தசைசர் என்றால் 'செயற்கை ஒலிக்கருவி', அதாவது போலிச் சத்தம் போடுகிற பெட்டி என்று பலர் மனத்தில் பதிந்துவிட்டது. சொல்லுக்குள் போலி எதுவும் இல்லை. ஓர் அலையை எடுத்து, அதில் வேண்டாத பகுதியை வடிகட்டி, எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று வகுத்து, துண்டு துண்டாக ஒலியைக் கட்டுகிற கருவி, அவ்வளவுதான். 1955-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம், அறையை அடைத்துக்கொள்ளும் ஓர் இயந்திரத்துக்கு இந்தப் பெயரை வைத்தது. 1964-இல் ராபர்ட் மூக் செய்தது, தனித்தனிப் பெட்டிகளைக் கம்பி போட்டு இணைக்கும் கருவி. அந்த இணைப்புக் கம்பிக்குப் பேட்ச் கார்டு என்று பெயர். இன்று கம்பியே இல்லாத கீபோர்டிலும் "அந்த வயலின் பேட்ச் போடுப்பா" என்கிறோமே, அந்தச் சொல் இந்தக் கம்பியிலிருந்து வந்ததுதான்.

தமிழில் என்ன சொல்வது? ஒலிச்சேர்க்கி என்று வைத்தால் 'மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது' பலகைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒலித்தொகுப்பி மேல். கணினிக்காரர்கள் கம்பைலருக்குத் தொகுப்பி என்று எழுதுவதால் முன்னால் 'ஒலி' ஒட்டியே இருக்கட்டும்.

இப்போது வொர்க்ஸ்டேஷன். 1980களின் தொடக்கத்தில் பொறியாளர்களின் மேசைக்கு வந்த வலுவான கணினிகளுக்கு இந்தப் பெயர் இருந்தது. இசையில் இதை ஊரறியச் செய்தது ஜப்பானின் கோர்க் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட எம்1. இதற்கு முன்னாலும், 1986-இல் வந்த என்சோனிக் ஈஎஸ்க்யூ-1 கருவிக்குள் சீக்வென்சர் (வாசித்த சுரங்களை வரிசையாகப் பதிந்து திருப்பி வாசிக்கும் பகுதி) இருந்தது. ஆனால் பதிவு செய்த நிஜ வாத்திய ஒலிகள், டிரம், எஃபெக்ட் (எதிரொலி போன்ற ஒலி மெருகு), எட்டுத் தட சீக்வென்சர் எல்லாவற்றையும் ஒரே 61 கட்டைக்குள் கொடுத்து மியூசிக் வொர்க்ஸ்டேஷன் என்று மூஞ்சியிலேயே எழுதியது எம்1. அதாவது இந்தச் சொல், ஒலி எப்படி இருக்கும் என்று சொல்லவே இல்லை. ஒரு பாட்டின் வேலை இங்கேயே ஆரம்பித்து இங்கேயே முடியும் என்றுதான் சொல்கிறது. இது புரியாமல் பத்து டோனை, அதாவது உள்ளே இருக்கும் தயார் ஒலிகளை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வொர்க்ஸ்டேஷனை எடைபோடுவது, சமையலறையை உப்பு டப்பாவை வைத்து எடைபோடுகிற கதை.

எம்1-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் ஒலி நினைவகம் மொத்தம் 4 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கிற ஒரு படம் அந்த அளவு இருக்கும். அதற்குள் பியானோ, தந்தி, ஊதுகுழல், டிரம் எல்லாம் அடைக்க வேண்டும் என்றால் ஒரே வழிதான்: கட்டையைத் தட்டியதும் வரும் தொடக்கச் சத்தத்தை மட்டும் நிஜமாக வைத்துக்கொண்டு, அப்புறம் ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. பியானோ கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தால் முதலில் 'டங்' என்று உயிரோடு இருக்கும், போகப் போக ஒரே வட்டம் சுற்றுவது தெரியும். உண்மையைச் சொன்னால் அந்தப் பியானோ, பியானோ மாதிரியே இல்லை. ஆனால் கூர்மையான அந்தச் சத்தம் எத்தனை வாத்தியம் சேர்ந்து ஒலித்தாலும் மீறிக்கொண்டு மேலே வரும், அதனால்தான் ஹவுஸ் என்கிற நடன இசைக்காரர்கள் அதை விடவில்லை. குறை என்றால் வடிகட்டியில் ரெசனன்ஸ் (வடிகட்டி வெட்டுகிற இடத்தில் ஒலியைத் தூக்கிக் காட்டும் வசதி) கிடையாது. அந்த 'வ்வாவ்' என்று வாய் திறக்கிற சத்தத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, நான் பழைய எம்1 ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்து ஆசையாக இரண்டு நாள் உட்கார்ந்து டோன்களைத் திருத்திச் சேமித்தேன், மறுநாள் போட்டால் திரையில் குப்பைக் குப்பையாக எழுத்து. உள்ளே இருந்த காசு வடிவ பேட்டரி செத்திருக்கிறது. நாம் சேமிப்பதை வைத்திருக்கும் நினைவகத்துக்கு உயிர் கொடுப்பதே அந்தப் பேட்டரிதான். பழையது வாங்குகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்.

புதிதோ பழையதோ, கடையில் முதலில் எஃபெக்ட்டை அணைத்துவிடுங்கள். முதல் டோன் எப்போதும் கோயில் மண்டபத்தில் வாசித்த மாதிரி எதிரொலியில் குளித்து நிற்கும், கடைக்காரர் முகமும் மலர்ந்திருக்கும். அதைத் துடைத்தபின் வருவதுதான் அசல் சரக்கு. கீழ்க் கட்டையிலிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போனால், ஒரு பதிவு முடிந்து அடுத்த பதிவு தொடங்கும் இடத்தில் தையல் தெரியும். தையல் தெரியாவிட்டால் நல்ல கருவி. அப்புறம் சுரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டு சுரங்களை அடுக்கிக்கொண்டே போங்கள், எங்கே முதலில் போட்ட சுரம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது என்று பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்க முடியும் என்கிற இந்த எல்லைதான் பாலிஃபனி, தமிழில் 'பல்குரல்' என்றால் தப்பில்லை. எம்1-இல் 16 குரல். ஒரே டோனில் இரண்டு ஒலி அடுக்கினால் எட்டாகக் குறையும். நம் இசைக்குப் பிட்ச் பெண்ட், அதாவது சுரத்தை வளைக்கும் பிடி, இன்னும் முக்கியம். கட்டை ஒவ்வொன்றும் தனித்தனிப் படி, கமகமோ படிக்கு நடுவில் வழுக்குகிற சமாச்சாரம். நாதஸ்வர டோனை வைத்துக்கொண்டு இடது கை அந்தப் பிடியை அசைக்காமல் தோடி வாசித்தால் ஐஸ்கிரீம் வண்டி மணி போலத்தான் கேட்கும்.

சரி, வொர்க்ஸ்டேஷனுக்குத் தமிழ்? அகராதிகளில் 'பணிநிலையம்' இருக்கிறது. எனக்கு அது காவல் நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடம் மாதிரி ஒலிக்கிறது. உலை, சுத்தி, அச்சு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, உட்கார்ந்த இடத்தில் பொன்னை உருக்கி நகையாக்கி எழுகிற நகைப் பட்டறைதான் சரியான உவமை, அதனால் 'இசைப்பட்டறை' என்கிறேன். பயிற்சி வகுப்பையும் பட்டறை என்று சொல்வதால் கொஞ்சம் குழப்பம் வரும், வரட்டும்.

சீக்வென்சருக்குத் தமிழ்ச் சொல்லை வெளியே தேடவே வேண்டாம். பாட்டு வகுப்பில் முதல் நாள் சரளி வரிசை, அப்புறம் ஜண்டை வரிசை என்றுதானே ஆரம்பிக்கிறோம். சுரத்தை வரிசையாக வாங்கி வைத்து, அதே வரிசையில் திருப்பிச் சொல்கிற கருவி, வரிசைப்பி. அதில் முதலில் பதிந்து பார்க்க ஸரிகமபதநிஸ-வே போதும்.