டாபூ: தடையா, தீட்டா, விலக்கா?

ஒரு சமூகம் கூடாது என்று ஒதுக்கிவைப்பதைக் குறிக்கும் 'டாபூ' (taboo), ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்த சொல். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்துக்கே அது இரவல். தென் பசிபிக்கின் டோங்கா தீவுகளில் அது 'தபு'. 1777இல் தன் மூன்றாவது கடற்பயணத்தில் அங்கே தங்கிய கேப்டன் ஜேம்ஸ் குக், உண்ணக்கூடாதது, தொடக்கூடாதது எல்லாவற்றுக்கும் தீவு மக்கள் இந்த ஒரே சொல்லைச் சொல்வதைக் குறித்துவைத்தார். 1784இல் பயணக் குறிப்புகள் அச்சேறிய பிறகு சொல் ஐரோப்பாவில் பரவியது. நியூசிலாந்துப் பழங்குடிகளின் மாவோரி மொழியிலும் 'தபு'தான், ஹவாயில் 'கபு', ஃபிஜியில் 'தம்பு' என ஒலிக்கும்.

நம் 'தப்பு'தான் 'தபு' ஆனது என்று சொல்லத் தோன்றும். ஒலி ஒத்திருப்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. தவறுதல், பிழைத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வருவது தப்பு. தபுவோ ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்துச் சொல்.

பிறந்த இடத்தில் அதற்கு வெறும் 'கூடாது' என்று மட்டும் பொருள் இல்லை. தலைவனின் உடம்பும் தபு, பிணமும் தபு. தூய்மை, தீட்டு என்று நாம் எதிரெதிராக வைப்பவை இரண்டும் அங்கே ஒரே சொல்லுக்குள் அடங்கும். வலிமை நிறைந்தது, எனவே நெருங்கினால் ஆபத்து என்பதே கருத்து. எதிர்ச்சொல் 'நோவா': கட்டு நீங்கியது, சாதாரணமானது. மாவோரியரிடம் சமைத்த உணவு தபுவை நீக்கி நோவா ஆக்கும். தலையோ தபு மிகுந்த உறுப்பு. அதனால்தான் இன்றும் சாப்பாட்டு மேசையில் தொப்பியை வைக்கக்கூடாது என்பார்கள். ஒருவர் மூழ்கி இறந்த நீரில் சில காலம் மீன் பிடிக்கக்கூடாது என்று 'ராஹுயி' இடுவதும் இந்த முறையின் ஒரு பகுதி. ஹவாயில் முன்பு பெண்கள் ஆண்களோடு அமர்ந்து உண்ணக்கூடாது என்றிருந்தது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழை வகைகள் அவர்களுக்குக் கபுவாக இருந்தன. 1819இல் மன்னன் லிஹோலிஹோ பெண்களோடு அமர்ந்து சாப்பிட்டான். கபு முறையே அதோடு சரிந்தது.

இவ்வளவையும் ஒரு தமிழ்ச்சொல்லில் அடைக்கப் பார்க்கும்போதுதான் சிக்கல்.

'தடை' போட ஓர் அதிகாரம் வேண்டும். அரசு தடை விதிக்கும், நீதிமன்றம் தடை விதிக்கும், நாளை நீக்கவும் செய்யும். ஆணையிட ஆளே இல்லாமல் ஊரே ஒன்றைத் தவிர்ப்பதற்கு அந்தச் சொல் பொருந்தாது.

'தீட்டு' தீண்டுதலிலிருந்து வந்தது, தொட்டால் ஒட்டிக்கொள்வது. யாழ்ப்பாணத்தில் இதையே 'துடக்கு' என்பார்கள். பிறப்பு, இறப்பு, மாதவிடாய் ஆகியவற்றோடு சேர்ந்த சொல் இது. பழக்கமும் பழையது: புறநானூறு 299ஆம் பாட்டில், போர்க்களத்தில் பின்வாங்கி நிற்கும் குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்தில் 'கலம் தொடா மகளிர்', அதாவது மாதவிடாயால் பாத்திரங்களைத் தொடாத பெண்கள், உவமையாகிறார்கள். ஆனால் தீட்டு தபுவின் ஒரு பாதிதான். தலைவனைத் தொடக்கூடாது என்பதைத் தீட்டு என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

'விலக்கு' பரவலாகக் கையாளப்படுவது, நல்ல சொல்லும்கூட. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. மதுவிலக்கு என்றால் மது கூடாது. வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம். நீட் விலக்கு கேட்பவர்கள் தேர்வைத் தீண்டத்தகாதது என்று சொல்லவில்லை, தங்களை விட்டுவிடச் சொல்கிறார்கள். பொருளை ஒதுக்கினால் தடுப்பு, ஆளை ஒதுக்கினால் சலுகை அல்லது தண்டனை. 'சமூக விலக்கு' என்று எழுதினால் ஊரைவிட்டுத் தள்ளிவைத்ததாகவே படிப்பார்கள். 'சமூகம் விலக்கியது', 'விலக்கப்பட்ட உணவு' என்று வினையை வெளிப்படையாக வைத்தால் குழப்பம் இல்லை.

தபுவின் இரு முகத்தையும் தாங்கிய பழஞ்சொல் ஒன்று தமிழில் உண்டு: 'கடி'. தொல்காப்பிய உரியியல் அதற்குப் பத்துப் பொருள் சொல்கிறது. வரைவு, காப்பு, சிறப்பு, அச்சம் ஆகியவை அவற்றுள் அடக்கம். வரைவு என்பதை நீக்கம் என்று கொள்வர். மன்னனின் காவல்மரத்துக்குக் கடிமரம் என்று பெயர்; அதை வெட்டுவதே பகைவனுக்கு வெற்றி. நீராடப் போன இடத்தில் ஆறு கொண்டுவந்த பசுங்காயைத் தின்ற பெண்ணை மன்னன் நன்னன் கொன்றான் என்கிறது குறுந்தொகை 292. 81 யானைகளும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருகிறோம் என்றும் அவன் ஏற்கவில்லை. அது அவனது காவல்மாமரத்தின் காய் என்பது உரைமரபு. தபுவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எடுத்துக்காட்டு இருக்காது. (அந்தப் பாட்டு அவள் செய்ததைத் 'தப்பல்' என்கிறது, ஒலி பார்த்துச் சொல்லாராய்வோர் துள்ளிக் குதிக்க வேண்டாம்.) குறள் 658 'கடிந்த' என்பதும் சான்றோர் விலக்கியவற்றைத்தான். ஆனால் இன்று 'கடி' என்றால் நாய்க்கடியும் மொக்கை ஜோக்கும்தான் நினைவுக்கு வரும். புழக்கத்துக்கு மீட்பது கடினம்.

எனவே இடம் பார்த்து எழுதுவதே வழி. பசிபிக் தீவுகளைப் பற்றி எழுதும்போது 'தபு' என்றே வைக்கலாம். 'எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை முடிவெட்டுவது டாபூ' என்பது 'செவ்வாய்க்கிழமை முடிவெட்டினால் ஆகாது' என்றாகும். பேச்சு வழக்கின் 'ஆகாது' ஆணையிடுபவர் யார் என்று சொல்லாமலே தடுக்கிறது. 'மனநோய் இங்கே டாபூ' என்பதில் இருப்பது கூச்சமும் பழிக்கு அஞ்சுதலும். அதை அப்படியே சொல்லிவிடலாம்.

சொல்லே டாபூ ஆகும்போது இலக்கணம் கைகொடுக்கிறது. சபையில் சொல்லத்தகாததைத் தொல்காப்பியம் 'அவையல் கிளவி' என்கிறது. நன்னூல் சொல்லும் மூவகைத் தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம் என்ற இரண்டும் இங்கே பொருந்தும். கூச்சத்தால் மறைப்பது முதலாவது: 'கால் கழுவி வந்தான்'. தீயது நேருமோ என்று மாற்றிச் சொல்வது இரண்டாவது: இறந்தார் என்னாமல் 'துஞ்சினார்', விளக்கை அணை என்னாமல் 'குளிர வை'. இரவில் பாம்பைப் 'பூச்சி' என்பதையும் இதோடு சேர்க்கலாம். டாபூ சொற்களைக் 'கெட்ட வார்த்தைகள்' என்று மொழிபெயர்ப்பவர்கள் இந்த இரண்டாம் வகையை அப்படியே தவறவிடுகிறார்கள்; பாம்பு கெட்ட வார்த்தை அல்ல.