ஏற்காடு இறக்கமும் ஃபார்முலா ஒன் பிரேக்கும்

ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் கார் அடிவாரத்தில் ஓரங்கட்டும்போது அதன் முன்சக்கரத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். பல நேரம் ஒரு தீய்ந்த வாடை வரும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மிதித்த பிரேக்கின் வாடை அது. ரேஸ் கார் என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கோ அந்த வேகத்தை எப்படி அடக்குகிறார்கள் என்பதே பெரிய அதிசயம்.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 12 மெகாஜூல். 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். டயரும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எஞ்சினுக்கோ பிரேக்குக்கோ போயாக வேண்டும்.

இப்போது ஃபார்முலா ஒன் காருக்கு வருவோம். ஓட்டுநரோடு சுமார் 800 கிலோ. 300 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்காக 80-க்கு இறங்குகிறது. அந்த ஒரு மிதியில் கரைவது ஏறக்குறைய 2.6 மெகாஜூல். அதாவது நான்கைந்து வளைவு பிடித்தால் ஏற்காடு மலை முழுக்க இறங்கிய கணக்கு! நமக்கு முக்கால் மணி நேரம் ஆகும் வேலை. அவர்களுக்கு ஒவ்வொரு மிதியும் இரண்டு வினாடி அளவுதான்.

இவ்வளவு சட்டென்று நிறுத்தினால் டயர் வழுக்காதா? வழுக்கும், காற்று மட்டும் உதவாவிட்டால். முன்னும் பின்னும் உள்ள இறக்கைகளும் அடிப்பாகமும் காரைத் தரையோடு அழுத்துகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்கு. அதனால் ஓட்டுநர் முதலில் முழு பலத்தோடு மிதிக்கலாம். வேகம் குறையக் குறைய அழுத்தமும் குறைவதால் காலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்தக் கால் பக்குவத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

சரி, சூடு எங்கே போகிறது? சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பிரேக் தட்டுதான் டிஸ்க். நம் காரில் அது இரும்பு. அவர்களிடம் கார்பன் டிஸ்க், ஓரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னத் துளைகளோடு. 1,000 டிகிரி வரை தாங்கும். சிங்கப்பூர் இரவுப் பந்தயத்தில் சக்கரத்துக்குள் அது செக்கச்செவேல் என்று ஒளிர்வதைப் பார்க்கலாம். ஆனால் குளிர்ந்திருந்தால் கார்பன் சரியாகப் பிடிக்காது. கடைத்தெருவுக்குப் போகும் காருக்கு ஆகாது.

ரேஸ் காருக்கு இன்னொரு வசதி, அடுத்த நேர்ப்பாதையில் பாய்ந்து வரும் காற்று டிஸ்க்கை ஆற்றிவிடும். மலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காற்று கிடைக்காது, மிதிப்பதும் ஓயாது. சூடு டிஸ்க்கிலிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் பேடுக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் ஏறும். நாம் வாங்கும் டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நாளாக ஆக 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது.

எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று மலை ஓட்டிகள் சொல்வது இதற்காகத்தான். சூட்டை எஞ்சின் வாங்கி ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளிவிடும். நியூட்ரலில் உருட்டினால் எல்லாம் பிரேக் தலையில்.

ஃபார்முலா ஒன்னில் இப்போது ஒரு பங்கு சூடாகவே மாறுவதில்லை. பின்சக்கரத்தோடு இணைந்த மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரியை நிரப்புகிறது. 2014 முதல் 120 கிலோவாட்டாக இருந்த அதன் திறன் 2026 விதிகளில் 350. மின்சார காரில் ஏற்காடு போனாலும் இதே வேலை நடக்கும்: 12 மெகாஜூல் என்பது 3.3 யூனிட், அதில் பாதி திரும்பினாலும் ஒன்றரை யூனிட்டுக்கு மேல். அதனால் மேலே விடுதியில் சார்ஜ் போடுபவர்கள் நூறு சதவீதம் நிரப்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியால் அந்த மின்சாரத்தை வாங்க முடியாது, முதல் சில வளைவுகளில் மறுபடி பிரேக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.