பயாஸ்: ஓரவஞ்சனையா, மனச்சாய்வா?

பயாஸ் (bias) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பாரபட்சம் என்று எழுதிப் பழகிவிட்டோம். இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் முட்டை வைத்தால் அது பாரபட்சம். மனநல ஆலோசனை அறையில் எதிரே இருப்பதோ ஒரே ஒருவர். அங்கே ஆலோசகரின் காதுக்குள் நடப்பதற்கு அந்தச் சொல் போதாது.

பயாஸ் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சாய்வு, குறுக்குவாட்டு என்று பொருள். ஜாக்கெட் கழுத்துக்கு டெய்லர் குறுக்கே வெட்டுகிற கிராஸ் பீஸுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். வடமொழிப் பட்சபாதமும் ஒரு பக்கமாக விழுவதையே சொல்கிறது.

தமிழில் பழைய சொல் ஓரம். ஆத்திசூடியின் கடைசி வரியே ‘ஓரஞ் சொல்லேல்’, ஒரு பக்கம் சார்ந்து பேசாதே என்பதுதான். ஓரவஞ்சனையிலும் அந்த ஓரம் இருக்கிறது. ஆனால் அது தெரிந்தே செய்வது. தெரியாமல் செய்வதற்கு? குறள் 118 துலாக்கோலைக் காட்டி ‘ஒருபால் கோடாமை’, அதாவது ஒரு பக்கம் சாயாமை என்கிறது. அந்த வழியில் ‘மனச்சாய்வு’ எனக்குச் சரியாகப் படுகிறது. டெல்டாக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். வயல் கண்ணுக்குச் சமமாகத்தான் இருக்கும். மடையைத் திறந்தால் வாட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். (வாட்டம் என்றே சொல்லலாம்தான், மனவாட்டம் ஏற்கெனவே துயரத்துக்குப் போய்விட்டதே.)

அறையில் மடை திறப்பது ஒரு சின்னக் கேள்வியாக இருக்கலாம். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “எந்தத் தெரும்மா?” என்கிறார் ஆலோசகர். இங்கே தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பது. அந்தப் பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, “பஸ் ஸ்டாண்டு பக்கம்ங்க” என்கிறார். அப்புறம் எதற்கும் ஒற்றைச் சொல்தான் பதில். குறிப்பேட்டில் ‘தாழ்வு மனப்பான்மை’ என்று ஏறுகிறது.

ஒடுக்குமுறை என்ற சொல் இங்கேதான் வேண்டும். ஒடுங்குதல் தன்வினை, ஒடுக்குதல் பிறவினை. ‘தாழ்வு மனப்பான்மை’ என்று எழுதினால் ஒடுங்கியவர் மட்டும் தெரிகிறார்; ஒடுக்கியவர்கள் காணாமல் போகிறார்கள். பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மண் இது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகளும் ஆலோசனைக்கு வருவார்கள்.

மனநல சேவையில் சாதி, பாலினம், மதம் பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். “எந்தத் தெரு” அதன் கையில் சிக்காது. ஆலோசகர்தான் அடுத்த முறை, “போன தடவை தெருவைக் கேட்டது என் தப்பும்மா” என்று தொடங்க வேண்டும். குறிப்பேட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, ‘ஊரில் ஒடுக்கப்பட்டிருக்கிறார், என்னிடம் அதைச் சொல்ல இன்னும் நம்பிக்கை வரவில்லை’ என்று எழுத வேண்டும்.